யார் போட்ட கையெழுத்து?

கேள்வி இது: "கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளில் பழங்குடி மக்கள் பலர் ஆய்வுக்கு ரத்தம் கொடுக்கத் தயங்குகிறார்கள், சிலர் மரபணு ஆய்வுக்கே தடை போட்டிருக்கிறார்கள் என்று படித்தேன். சர்க்கரை நோயும் காசநோயும் அவர்களைத்தான் அதிகம் வாட்டுகின்றன. உதவ வருகிற ஆய்வாளரைத் திருப்பி அனுப்புவது அறிவியலை மறுப்பது ஆகாதா? எப்போதோ நடந்த காலனி ஆட்சியின் மேல் இன்னும் பழி போட்டுக்கொண்டிருக்கலாமா?"

தடை போட்டிருப்பது உண்மைதான். அமெரிக்காவின் நவாஹோ மக்கள் 2002-இல் தங்கள் எல்லைக்குள் மரபணு ஆய்வை நிறுத்தி வைத்தார்கள். ஆனால் அதே நவாஹோ மக்கள், கைவிடப்பட்ட யுரேனியச் சுரங்கங்களால் தாய்க்கும் சேய்க்கும் என்ன ஆகிறது என்று பார்க்கும் ஆய்வில் குடும்பம் குடும்பமாகச் சேர்ந்திருக்கிறார்கள். அதற்கு ரத்தமும் கொடுக்கிறார்கள், சிறுநீரும் கொடுக்கிறார்கள். ஊசியைக் கண்டு பயம் என்றோ ஆய்வகத்தின் மேல் வெறுப்பு என்றோ இதைச் சொல்ல முடியாது. எடுத்த ரத்தம் எங்கே போகும், அதை வைத்து வேறு என்னென்ன செய்வார்கள், அதற்கெல்லாம் 'சரி' சொன்னது யார் என்பதுதான் அவர்கள் கேட்பது. இப்படிக் கேட்க அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது அனுபவம். எல்லா நாட்டையும் தொட்டுக்கொண்டு போனால் எதுவும் மனதில் நிற்காது என்பதால் கனடாவை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1942-இல் மானிடோபா மாகாணத்தின் வடபகுதியில் நார்வே ஹவுஸ், கிராஸ் லேக் என்ற ஊர்களுக்கு ஒரு மருத்துவக் குழு போனது. இரண்டும் க்ரீ பழங்குடியினர் வாழும் ஊர்கள். குழுவில் முக்கியமானவர்கள் இருவர். பெர்சி மூர், பழங்குடியினர் விவகாரத் துறையில் மருத்துவப் பொறுப்பில் இருந்தவர். ஃபிரெடெரிக் டிஸ்டால், டொராண்டோ குழந்தைகள் மருத்துவமனையின் ஊட்டச்சத்து நிபுணர். பேப்லம் என்ற குழந்தை உணவை உருவாக்கியவர்களில் அவர் ஒருவர். அந்தக் காலத்துக் கனடாத் தாய்மார்களுக்கு அது நம்மூர் செரலாக் மாதிரி.

அவர்கள் அங்கே பார்த்தது பட்டினி. விலங்குகளின் மென்மயிர்த் தோலை விற்று வாழ்ந்த மக்களுக்கு அந்த வியாபாரம் படுத்துவிட்டது. அரசு நிவாரணமும் குறைக்கப்பட்டிருந்தது. வேட்டை இறைச்சி குறைந்து, கடையில் வாங்கிய மாவும் கொழுப்பும் சர்க்கரையுமே பெரும்பாலும் சாப்பாடு. வேலைவெட்டி என்று நடமாடிக்கொண்டிருப்பவர்களில் பெரும்பாலோர் உண்மையில் படுக்கையில் கிடக்க வேண்டிய நோயாளிகள், இவர்கள் வெள்ளையராக இருந்தால் இந்நேரம் படுத்துக்கொண்டு வைத்தியம் கேட்டிருப்பார்கள் என்று குழுவினரே பதிவு செய்தார்கள். காசநோய்ச் சாவு அங்கே லட்சத்துக்கு 1,400. மாகாணத்தின் மற்ற மக்களிடையே 27 சொச்சம்.

இதைப் பார்த்த டாக்டர் என்ன செய்திருக்க வேண்டும்? உடனே உணவு அனுப்பச் சொல்லித் தலைநகர் ஒட்டாவாவை உலுக்கியிருக்க வேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். இவர்கள் சத்துக்குறைவு உள்ள 300 பேரில் 125 பேருக்கு வைட்டமின்கள் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை, கொடுத்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க, கொடுக்காதவர்கள் தேவைப்பட்டார்கள்.

1946-இல் வெளியான அவர்களது கட்டுரையில் ஒரு வாதம் வருகிறது. சோம்பல், மந்தம், நாளைக்கு என்று எடுத்து வைக்கத் தெரியாமை என இந்த இனத்தின் பிறவிக் குணங்களாகச் சொல்லப்பட்டவை, அடிப்படையில் ஊட்டச்சத்துக் குறைவின் அறிகுறிகளாக இருக்கலாம் என்கிறார்கள். முதல் வாசிப்பில் முற்போக்காகத் தெரியும். ரத்தத்தில் குறை இல்லை, சாப்பாட்டில்தான் குறை என்கிறார்களே! ஆனால் கவனித்துப் பாருங்கள், இவர்கள் சோம்பேறிகள் என்ற தீர்ப்பு அப்படியே இருக்கிறது. காரணம் மட்டும் இனத்திலிருந்து வைட்டமினுக்கு மாறியிருக்கிறது. சாப்பாட்டைக் குறைத்தது யார் என்ற பக்கம் வாதம் போகவில்லை. போயிருந்தால், ஆய்வுக்கு அனுப்பிய துறையின் வாசலிலேயே வந்து நின்றிருக்கும்.

அடுத்து குழந்தைகள். கனடா அரசின் பணத்தில் தேவாலயங்கள் நடத்திய உறைவிடப் பள்ளிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பழங்குடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்தும் தாய்மொழியிலிருந்தும் பிரிப்பதுதான் அவற்றின் நோக்கம். 1920-இல் சட்டத்தைத் திருத்தி 7 முதல் 15 வயது வரையிலான குழந்தைகளுக்குப் பள்ளியைக் கட்டாயமாக்கினார்கள். மொத்தம் சுமார் ஒன்றரை லட்சம் குழந்தைகள் இந்த உறைவிடப் பள்ளிகளில் இருந்திருக்கிறார்கள். உள்ளே நிலைமை எப்படி என்பது அரசுக்குத் தெரியாத விஷயம் இல்லை. 1907-லேயே துறையின் தலைமை மருத்துவ அதிகாரி பீட்டர் பிரைஸ் 35 பள்ளிகளைப் பார்த்துவிட்டு அறிக்கை கொடுத்தார். அதில் விவரம் தந்த பள்ளிகளின் 1,537 மாணவர்களில் கிட்டத்தட்ட 24 சதவீதம் பேர் இறந்துபோயிருந்தார்கள். பெரும்பாலும் காசநோய். அவர் சொன்ன சீர்திருத்தங்களை அரசு செய்யவில்லை. வேலையை விட்டு அனுப்பப்பட்ட பிறகு 1922-இல் அவரே எல்லாவற்றையும் சிறு நூலாக அச்சிட்டு வெளியிட்டார். அப்போதும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

இந்தப் பள்ளிகளுக்குத்தான் 1940-களில் லயனல் பெட் வந்தார். மத்திய அரசின் ஊட்டச்சத்துப் பிரிவுக்குத் தலைவர் அவர். கனடா மக்கள் தினமும் என்ன சாப்பிட வேண்டும் என்று 1942-இல் அரசு முதன்முதலாக வெளியிட்ட உணவு விதிகளில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அதாவது, ஒரு குழந்தைக்கு எவ்வளவு பால், எவ்வளவு காய்கறி தேவை என்பதை நாட்டிலேயே நன்றாகத் தெரிந்தவர்களில் ஒருவர். பள்ளிகளின் சாப்பாட்டைச் சோதிக்கச் சொன்னார். எங்கு பார்த்தாலும் பற்றாக்குறை. தலைக்கு இவ்வளவு என்று அரசு கொடுத்த தொகை சமச்சீர் உணவுக்குப் போதவே போதாது என்பதும் அவருக்குத் தெரிந்தது. அப்புறம் 1948 முதல் 1952 வரை, ஆறு பள்ளிகளில், ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளை வைத்து அவர் ஆய்வு நடத்தினார்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஆல்பர்னி பள்ளியில் குழந்தைகளுக்கு நாளுக்கு 8 அவுன்ஸ் பால்தான் கிடைத்துக்கொண்டிருந்தது. தேவையில் பாதிகூட இல்லை. ஒப்பீட்டுக்கு ஒரு தொடக்க அளவு வேண்டும் என்பதற்காக அதை இரண்டு ஆண்டு அப்படியே விட்டுவைத்தார்கள். அதற்குப் பிறகு 24 அவுன்ஸாக உயர்த்தி, என்ன மாற்றம் என்று பார்த்தார்கள். கிழக்குக் கோடியில் ஷூபெனகாடி பள்ளியில் பாதிப் பேருக்கு வைட்டமின் சி மாத்திரை, பாதிப் பேருக்குச் சத்து எதுவும் இல்லாத வெறும் மாத்திரை. ஆல்பர்ட்டாவில் ஒரு பள்ளியில் தயமின் என்ற வைட்டமின் பி1 குறைவை இரண்டு ஆண்டு தொடரவிட்டு, பின்பு வைட்டமின் பி சேர்ந்த மாவு கொடுத்தார்கள். ஒன்டாரியோவில் கெனோரா ஊரின் ஒரு பள்ளியில் நியூஃபவுண்ட்லாந்து மாவு என்று ஒரு கலவை. தயமின், ரைபோஃபிளேவின், நியாசின், எலும்புத் தூள் எல்லாம் சேர்த்தது. கனடாவின் கலப்படத் தடைச் சட்டப்படி அதை நியூஃபவுண்ட்லாந்துக்கு வெளியே கடையில் விற்க முடியாது. இந்தக் குழந்தைகளுக்குப் போடலாம். அதைச் சாப்பிட்ட பிள்ளைகளின் ரத்தசோகை குறைவதற்குப் பதிலாகக் கூடியது. இன்னொரு பள்ளிக்கு ஒப்பீட்டுப் பள்ளி என்று பெயர். அங்கே பற்றாக்குறை எதையும் சரி செய்யக் கூடாது, சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

என்னால் தாண்டிப் போக முடியாத ஒரு விவரம் பல்லைப் பற்றியது. ஈறும் பல்லும் சத்துக்குறைவைக் காட்டும் அளவுகோல்களாக வைக்கப்பட்டிருந்தன. பல் டாக்டர் வந்து சிகிச்சை செய்துவிட்டால் அளவு கெட்டுவிடும். அதனால் கெனோராவின் இன்னொரு பள்ளிக்குப் பல் மருத்துவர்கள் வந்துபோனது தெரிந்ததும், ஆய்வு முடியும் வரை ஃபுளோரைடு, பல் சுத்தம் செய்தல் போன்ற தடுப்புச் சிகிச்சைகளைச் செய்ய வேண்டாம் என்று 1949-இல் பெட் எழுதினார். இது ரகசியச் சதிக் கடிதம் எல்லாம் கிடையாது. ஓர் அதிகாரி இன்னோர் அலுவலகத்துக்கு எழுதிய சாதாரணக் கடிதம். கோப்பில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கோப்புகளைப் பிரித்து, கதையைக் கோத்து 2013-இல் வெளியிட்டவர் இயன் மாஸ்பி என்ற வரலாற்று ஆய்வாளர். அப்போது குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். குழந்தைகளிடமோ பெற்றோரிடமோ விவரம் சொல்லிச் சம்மதம் வாங்கியதற்கான அடையாளம் எதுவும் அந்த ஆவணங்களில் இல்லை. வாங்க வேண்டும் என்ற எண்ணமே எழவில்லை என்று சொல்வதுதான் பொருத்தம். கனடாவின் 1876-ஆம் ஆண்டு இந்தியன் சட்டத்தின் கீழ் (பழங்குடியினரை அங்கே 'இந்தியர்' என்றுதான் அழைத்தார்கள்) பழங்குடியினர் அரசின் பாதுகாப்பில் உள்ள மைனர்கள் மாதிரி. பள்ளிக்குள் குழந்தைக்குப் பொறுப்பு பள்ளி முதல்வர். துறை ஒப்புக்கொண்டது, முதல்வர் கதவைத் திறந்தார், வேலை தொடங்கியது.

'அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்' என்று இதற்குப் பதில் வரும். ஓரளவு உண்மையும் அதில் இருக்கிறது. சிறைகளிலும் அனாதை இல்லங்களிலும் ஆய்வு நடத்துவது அப்போது பல நாடுகளில் வழக்கம். ஆய்வுக்கு உட்படுபவரின் சம்மதம் கட்டாயம் என்ற நியூரம்பெர்க் நெறி 1947-லேயே வந்துவிட்டாலும், அது நாஜி டாக்டர்களுக்கு, நமக்கு எதற்கு என்று நினைத்தவர்களே அதிகம். மூரையும் பெட்டையும் அரக்கர்களாக்கிப் பேசுவதில் எனக்கு விருப்பம் இல்லை. பிள்ளைகளுக்கு நல்லது செய்வதாகத்தான் அவர்கள் நம்பியிருப்பார்கள். சொல்லப்போனால் அதுதான் இன்னும் பயமுறுத்துகிறது. பசியை உண்டாக்கிய கொள்கை அரசுடையது. பசியை அளந்த டாக்டர் அரசு ஊழியர். அளப்பதற்கு அனுமதி கொடுத்த காப்பாளரும் அதே அரசு. இவ்வளவும் ஒரே கையில் இருந்தால் கெட்டவர் ஒருவர்கூடத் தேவையில்லை, எல்லாம் தானாக நடக்கும். காலனி ஆட்சியின் எச்சம் என்று நான் சொல்வது இந்த ஏற்பாட்டைத்தான்.

நல்ல பலன் தந்த ஆய்விலும் இதே ஏற்பாடு இருந்தது. சஸ்காட்சவான் மாகாணத்தின் குவாப்பெல் பகுதியில் 1933-இல் பழங்குடிக் குழந்தைகளுக்கு பிசிஜி தடுப்பூசி போட்டு ஆய்வு தொடங்கினார்கள். ஆர். ஜி. ஃபெர்குசன் என்ற காசநோய் மருத்துவரின் பொறுப்பில், 609 குழந்தைகள், பாதிப் பேருக்கு ஊசி, பாதிப் பேருக்கு இல்லை. ஊசி வேலை செய்தது. காசநோய் நன்றாகக் குறைந்தது. ஆனால் ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளும் போடாத குழந்தைகளும் வயிற்றுப்போக்கிலும் நிமோனியாவிலும் செத்துக்கொண்டே இருந்தார்கள்; அந்தச் சாவுகள் காசநோய்ச் சாவுகளைவிட மிக அதிகம். நல்ல வீடும் சுத்தமான தண்ணீரும் வயிறார உணவும் தடுத்திருக்கக்கூடிய சாவுகள் அவை. தடுப்பூசி வெற்றி என்று மருத்துவ வரலாற்றில் பதிந்தது. மற்ற சாவுகள் யாருடைய ஆய்வுக் கேள்வியிலும் இல்லை.

இப்போது ஆல்பர்னிக்குத் திரும்ப வேண்டும். அந்தப் பள்ளி இருந்தது வான்கூவர் தீவில், நூச்சாநூல்த் மக்களின் மண்ணில். அந்த மக்களின் பிள்ளைகள் பலர் அங்கே படித்தார்கள். பால் ஆய்வு முடிந்து முப்பது ஆண்டு கழித்து அதே மக்களிடம் இன்னோர் ஆய்வாளர் வருகிறார். ரிச்சர்ட் வார்ட், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மரபியலாளர். இவர்களிடையே முடக்குவாதம் அதிகம். பரம்பரைக் காரணம் இருக்கிறதா என்று பார்க்கலாம் என்றார். மூட்டு வலியால் அவதிப்பட்ட மக்கள், சரி என்று சொன்னார்கள். 1982 முதல் 1985 வரை 883 பேர் ரத்தம் கொடுத்தார்கள். இந்த முறை சம்மதப் படிவம் எல்லாம் இருந்தது. எதிர்பார்த்த மரபணுக் காரணம் கிடைக்கவில்லை.

ஆய்வு அதோடு முடிந்தது என்று ஊர் நினைத்தது. வார்ட் 1986-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்துக்கு மாறினார்; பிறகு ஆக்ஸ்போர்டு போனார். ரத்தமும் அவரோடு போனது. அமெரிக்கக் கண்டத்துக்கு மனிதர்கள் எப்போது, எப்படி வந்தார்கள் என்ற ஆராய்ச்சிக்கு அது பயன்பட்டது. கட்டுரைகள் வந்தன. ரத்தம் கொடுத்தவர்களுக்கு ஒரு தகவலும் வரவில்லை. விஷயம் தெரிந்து நூச்சாநூல்த் மக்கள் திருப்பிக் கேட்டார்கள். வார்ட் 2003-இல் இறந்த பிறகு, 2004-இல்தான் மாதிரிகள் கனடாவுக்குத் திரும்பின. இனி எங்கள் ஊரில் யார் ஆய்வு செய்வதானாலும் முதலில் எங்களிடம் வாருங்கள் என்று அவர்கள் சொந்தமாக ஒரு நெறிமுறைக் குழுவை அமைத்துக்கொண்டார்கள்.

அமெரிக்காவின் ஹவசுப்பாய் மக்களின் கதை இன்னும் பிரபலம். கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் வாழும் சின்னச் சமூகம். சர்க்கரை நோய் ஆளைத் தின்றுகொண்டிருந்தது. ஏதாவது செய்யுங்கள் என்று அவர்கள்தான் கேட்டார்கள். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-களின் தொடக்கத்தில் 200-க்கும் மேற்பட்டோரிடம் ரத்தம் எடுத்தார்கள். படிவத்தில் நடத்தைக் கோளாறு, மருத்துவக் கோளாறு என்று பொதுப்படையாக ஒரு வரி இருந்தது. வாயால் சொன்னது சர்க்கரை நோய். 2003-இல் அந்தச் சமூகத்தைச் சேர்ந்த கார்லெட்டா டிலௌசி என்ற பெண் அதே பல்கலைக்கழகத்தில் ஒரு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வைப் பார்க்கப் போயிருந்தார். பேசப்பட்டது தன் மக்களின் ரத்தத்தைப் பற்றி என்று அங்கேதான் தெரிந்தது. இந்த ஆராய்ச்சிக்கு அனுமதி வாங்கினீர்களா என்று எழுந்து கேட்டார். மனச்சிதைவு, உறவுக்குள் மணமுடிப்பின் விளைவு, மூதாதையர் ஆசியாவிலிருந்து வந்த வழி என்று பலவற்றுக்கும் அந்த ரத்தம் போயிருந்தது. அந்தப் பள்ளத்தாக்கில்தான் தாங்கள் தோன்றினோம் என்று நம்பும் மக்கள் அவர்கள். வழக்கு போட்டார்கள். 2010-இல் சமரசம் ஆனது. 41 பேருக்கு மொத்தம் 7 லட்சம் டாலர், மன்னிப்பு, மீதமிருந்த ரத்த மாதிரிகள். பெட்டியில் இருந்த ரத்தக் குழாய்களைக் கண்டு ஊர்ப் பெரியவர்கள் அழுதார்கள். கொடுத்தவர்களில் சிலர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள்.

இங்கே ஒரு எதிர்வாதத்தை மதிக்க வேண்டும். ஒரு நோய்க்காக எடுத்த மாதிரியை இன்னொன்றுக்குப் பயன்படுத்துவது மருத்துவ ஆராய்ச்சியில் சாதாரணம். உங்கள் ரத்தமும் என் ரத்தமும்கூட எங்கோ ஒரு ஃப்ரீசரில் இருக்கலாம். பழங்குடியினருக்கு மட்டும் ஏன் தனி விதி? என் பதில், சிறிய சமூகத்தில் பெயரை மறைத்தாலும் சமூகத்தின் பெயர் வெளியே வந்துவிடும் என்பது. பெருநகரத்து ஆயிரம் பேரை வைத்து மனச்சிதைவுக் கட்டுரை எழுதினால் அந்த நகரத்துக்காரர் யாரையும் அது சுடாது. சில நூறு பேர் உள்ள சமூகத்தின் பெயரைப் போட்டு எழுதினால் அந்த ஊர்ப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது முதல் வேலை கேட்டுப் போவது வரை பின்தொடரும். அப்புறம், அந்த மாதிரிகளால் பட்டமும் பதவி உயர்வும் வந்தன; முடக்குவாதத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் மருந்து வரவில்லை. இந்தக் கணக்கைப் பார்த்தவர்கள் அடுத்த முறை யோசிப்பது நியாயம்தானே?

இந்தக் கதைக்கு நம் பக்கத்திலும் ஒரு வேர் உண்டு. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு 1885 முதல் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மருத்துவம் படித்தவர். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் மூக்கு, மண்டை, உயரம் என்று அளந்து குவித்தவர். வயநாட்டில் தன்னைக் கண்டதும் பணியர் பெண்கள் ஓடிப்போனதாக அவரே எழுதியிருக்கிறார். தங்களில் நல்ல உடற்கட்டுள்ளவர்களைப் பாடம் பண்ணி மெட்ராஸ் மியூசியத்தில் வைக்கப் போகிறார் என்று பயந்தார்களாம். நீலகிரியில் ஓர் இருளர், உயரம் அளக்கும் கருவியைத் தூக்குமரம் என்று நினைத்து அதில் நிற்க மறுத்தாராம். தர்ஸ்டனுக்கு இவை சிரிப்புக் கதைகள். இன்று படிக்கும்போது எனக்கு அந்தப் பெண்களின் கணிப்பு அவ்வளவு தப்பாகத் தெரியவில்லை. ஆளைப் பாடம் பண்ணவில்லை, அளவுகளைப் பண்ணினார்.

பழங்கதை என்று இதையும் தள்ளலாம். ஆனால் 2009-இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசியை 10 முதல் 14 வயதுச் சிறுமிகள் ஆயிரக்கணக்கானோருக்குப் போட்டார்கள். பாத் என்ற சர்வதேச அமைப்பும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்தியது. பழங்குடி விடுதிகளில் தங்கிப் படித்த சிறுமிகள் அதில் நிறையப் பேர். குஜராத்தின் வடோதராவிலும் நடந்தது. சில சிறுமிகள் இறந்ததும் சர்ச்சை வெடித்து 2010-இல் திட்டம் நின்றது. அந்தச் சாவுகளுக்குத் தடுப்பூசி காரணமாகத் தெரியவில்லை என்றுதான் விசாரணை சொன்னது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் தடுப்பூசியே விஷம் என்று பரப்புகிறவர்கள் இந்தக் கதையைத் தவறாமல் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் தடுப்பூசி நல்ல தடுப்பூசி. சிக்கல் படிவங்களில் இருந்தது. பார்வையிட்ட 9,543 சம்மதப் படிவங்களில் 2,763-இல் கையெழுத்துப் போட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள். 1,948-இல் வெறும் கைநாட்டு. நாடாளுமன்ற நிலைக்குழு 2013-இல் இதைக் கடுமையாகக் கண்டித்தது. கனடாவில் பள்ளி முதல்வர், கம்மத்தில் வார்டன். நாட்டில் ஆட்சி மாறியிருந்தது. அந்த நாற்காலியின் அதிகாரம் மாறவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு எதுவும் மாறவில்லை என்றால் அது பொய். கனடாவில் முதல் குடிகள் (First Nations) எனப்படும் பழங்குடியினர் 1998-லேயே ஒரு கொள்கை வகுத்தார்கள். எங்களைப் பற்றிய தரவு எங்கள் உடைமை, அதன் கட்டுப்பாடு எங்களிடம், பார்க்கும் உரிமை எங்களுக்கு, வைத்திருப்பதும் நாங்களே என்பது அதன் சாரம். நூச்சாநூல்த் விவகாரத்துக்குப் பிறகு, எடுத்த டிஎன்ஏ ஆய்வாளருக்குக் கடனாகக் கொடுத்தது, சொத்தாகக் கொடுத்தது அல்ல என்ற கருத்து உருவாகி, 2007-இல் கனடா சுகாதார ஆராய்ச்சி நிறுவனங்களின் வழிகாட்டுதல்களிலும் அந்த எண்ணம் நுழைந்தது. தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடி மக்கள் 2017-இல் தங்களுக்கென்று ஆய்வு நெறிகளை வெளியிட்டார்கள். கனடா மருத்துவச் சங்கம் 2024 செப்டம்பரில் பழங்குடி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. டாக்டர்கள் நடத்திய சோதனைகளும் அந்த மன்னிப்பில் அடக்கம்.

இதில் எனக்கு ஒரு சந்தேகம் தீராமல் இருக்கிறது. சமூகத்தின் சார்பில் சம்மதம் கொடுப்பது யார்? தலைவரும் மன்றமும் என்றால், அந்த மன்ற அமைப்பையே பல இடங்களில் காலனிச் சட்டம்தான் உருவாக்கியது. பெண்களின் நோயைப் பற்றிய ஆய்வுக்கு ஆண்கள் நிறைந்த மன்றம் தடை போட்டால் அதுவும் ஒருவருக்குப் பதில் இன்னொருவர் கையெழுத்துப் போடுவதுதானே? அதற்காகத் தனிநபர் கையெழுத்து போதும் என்று பழையபடி திரும்பவும் முடியாது. ஹவசுப்பாயில் தனிநபர் கையெழுத்து இருக்கத்தான் செய்தது. இரண்டும் வேண்டும் என்பதுதான் இப்போதைய நடைமுறை. சில சமயம் ஒரு ஆய்வைத் தொடங்கவே ஆண்டுக்கணக்கில் ஆகிறது என்று இளம் ஆய்வாளர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். ஆகட்டும்.

'மறுத்துக்கொண்டே இருந்தால் அவர்களுக்குத்தானே நஷ்டம்' என்பது உங்கள் கேள்வியின் உள்ளே இருக்கிறது. நஷ்டம் உண்டு. மரபணுத் தரவுத்தளங்களில் ஐரோப்பிய வம்சாவளியினரே நிறைந்திருக்கிறார்கள். அந்தத் தரவை வைத்துச் செய்யும் பரிசோதனைகள் மற்றவர்களுக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. அதற்கு வழி எப்படி இருக்கும் என்பதற்கு நியூசிலாந்தில் ஒரு உதாரணம் இருக்கிறது. ஒரு பெரிய மாவோரி குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக, இளம் வயதிலேயே, வயிற்றுப் புற்றுநோயில் ஆட்கள் இறந்துகொண்டிருந்தார்கள். சாபம் என்றுகூடப் பேச்சு இருந்தது. 1990-களின் நடுவில் அந்தக் குடும்பத்தார் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் பாரி கில்ஃபோர்டைத் தேடிப் போனார்கள். ஆய்வாளர் ஊருக்கு வரவில்லை, ஊர் ஆய்வாளரிடம் போனது. வம்சாவளிப் பட்டியலை அவர்களே தயாரித்தார்கள். யாரிடம் ரத்தம் எடுப்பது, எப்படிச் சொல்வது என்பதிலும் அவர்கள் கை இருந்தது. 1998-இல் சிடிஎச்1 என்ற மரபணுவில் உள்ள பிழைதான் காரணம் என்று கட்டுரை வெளியானது. அதன் ஆசிரியர் பட்டியலில் குடும்பத்தாரின் பெயர்களும் இருக்கின்றன. பிழை இருப்பவர்கள் முன்கூட்டியே இரைப்பையை அகற்றிக்கொண்டு உயிர் தப்ப முடிந்தது. இன்று எந்த நாட்டிலும் ஒரே குடும்பத்தில் பலருக்கு அந்த வகைப் புற்றுநோய் வந்தால் டாக்டர் எழுதிக்கொடுக்கும் பரிசோதனைகளில் அந்த மரபணுவும் இருக்கிறது.